பெயர் சொல்லக் கூடாத ஆட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்குரியாவிலிருந்து சால்ட் லேக்குக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். என் கணவரோடு துறைமுக அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் வீடு. வங்காளத்துக்கு மாற்றலாகி வந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் அவ்வப்போது இப்படிக் கூடுவோம்.

சாப்பிட்டு முடித்ததும் அந்த வீட்டுப் பெண் எல்லோரையும் இரண்டு அணியாகப் பிரித்தாள். கல்லூரியில் படிக்கிறாள், தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம். கிண்ணத்திலிருந்து ஒருவர் சீட்டு எடுத்து, அதில் உள்ள பொருளின் பெயரைச் சொல்லாமல் விளக்க வேண்டும். அவருடைய அணி கண்டுபிடிக்க வேண்டும். கைபேசியில் மணி அடிப்பதற்குள் எத்தனை வருகிறதோ அத்தனை புள்ளி.

பலரும் திணறினார்கள். ஒருவர் அவசரத்தில் பெயரையே உளறிவிட்டு உட்கார்ந்தார். என் கணவர் கூச்ச சுபாவம். ஆனால் அன்று அவர் முறை வந்ததும் தடங்கலே இல்லை.

"மாவைப் போட்டு ஆட்டினா கப்பி மேல நிக்கும்."

"சல்லடை" என்றேன்.

"மழைக்கு எடுத்துட்டுப் போவோம், பஸ்ல விட்டுட்டு வருவோம்."

"குடை."

அவர் பாதி சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் வாயைத் திறக்கவே இடமில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை வருஷக் குடித்தனம் சும்மாவா என்றார் ஒருவர்.

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே ஒன்று உறைத்தது. இந்த ஆட்டத்தை நாங்கள் வீட்டில் தினமும் ஆடிக்கொண்டிருந்தோம். 'அந்த டீ வடிகட்டறத எடு', 'கால்ல மாட்டுறது எங்க' என்றுதான் கொஞ்ச நாளாக அவர் பேசுகிறார். நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சரிபார்க்க, எதிர் அணி கடைசிச் சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னது. அவர் சீட்டைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணாடி எடுத்து வரவில்லை, நீயே படி என்று என்னிடம் நீட்டினார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

காற்று வாங்கிவிட்டு வருகிறோம் என்று அவரைப் பால்கனிக்கு அழைத்துப் போனேன். கொடியில் காய்ந்த துண்டைக் காட்டி, "இது என்னன்னு சொல்லுங்க" என்றேன்.

"துடைக்கிறது."

"பேரு?"

துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியுது. வாய்க்கு வர மாட்டேங்குது." பிறகு மெதுவாக, "எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

என் மாமனார் கடைசிக் காலத்தில் எங்களில் ஒருவரையும் அடையாளம் தெரியாமல்தான் போனார். அந்தப் பயத்தில் இவர் யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஜாடை காட்டிச் சமாளித்திருக்கிறார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிக் கிளம்பினோம். டாக்சியில் வழி நெடுக அவரிடம் ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்கத் தோன்றியது. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். எங்காவது விழுந்தாரா என்று முதலில் கேட்டார். நவராத்திரிப் பூஜைக்கு முன்னால் ஒரு மழையில் கரியாஹாட் நடைபாதையில் வழுக்கி விழுந்து தலையில் இடித்துக்கொண்டதை அப்போதுதான் இவர் சொன்னார். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கட்டி அழுத்துகிறது, மண்டையில் துளையிட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். அப்பாவின் நோய் இல்லை என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த பயம் வந்து உட்கார்ந்தது. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன். ஒன்றை முடிக்குமுன் இன்னொன்றுக்குத் தாவினேன்.

இவர் கண் விழித்ததும் மருத்துவர் பேனாவைக் காட்டினார். "கொலோம்" என்றார் இவர், வங்காளத்தில். மருத்துவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ வேறு கவலை. இனி என்னோடு எந்த மொழியில் பேசுவார்?

தமிழும் வந்தது, ஒவ்வொரு சொல்லாக. இப்போது வேலைக்குப் போகிறார். சில சமயம் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவார். எடுத்துக் கொடுக்காதீர்கள், அவரே தேடட்டும் என்பது மருத்துவர் உத்தரவு. வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். அந்தச் சொல் வந்து சேரும்வரை மனசுக்குள் சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும்.