நாற்பது தாண்டி ஓர் அடிப்படைப் பருவம்

தலைகீழ்

எழுத்தைப் படிக்காமல் பார்ப்பதுதான் டிசைன் தொழிலின் முதல் பாடம் என்பது தெரியாமல், டீச்சர் என் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சைகோனில் வயதில் பெரியவர்களைப் பார்த்துப் பட்டென்று சிரித்துவிட மாட்டார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பத்தொன்பது, இருபது வயதுக்காரர்கள். குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டார்கள். சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சி இங்கிருந்த கிளையை மூடிவிட்டது. மனைவி ஜெசிந்தா சைகோனின் தாவோ தியென் பகுதியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் வேலையால்தான் இந்த ஊரில் இருக்கிறோம். நாற்பது தாண்டி இன்னொரு தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு டிசைன் பள்ளியில் சேர்ந்தேன். முதல் பருவத்துக்கு அடிப்படை என்று பெயர். எழுத்து, கோடு, வெற்றிடம். பருவத்தின் முடிவில் நிஜமான ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை செய்து காட்ட வேண்டும். அதில் தேறினால் அடுத்த பருவம். தேறாவிட்டால் மறுபடியும் இதே அடிப்படை, புதிதாக வரும் பத்தொன்பது வயதுக்காரர்களோடு. காரைக்காலில் சொந்தக்காரர்களிடம் நான் மேல்படிப்பு படிப்பதாகச் சொல்லியிருந்தோம். இந்த வயதில் புத்தகப்பை தூக்கியவர்கள் இதைப் படித்தால், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் டீச்சர் ட்ராங் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். மாணவன் இங்கே தன்னைத் தம்பி என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். டீச்சரோ என் நரையைப் பார்த்து என்னை 'ஆன்' என்பார். அண்ணன் என்று அர்த்தம். ஆகவே ஒரே வாக்கியத்தில் நான் தம்பியாக ஆரம்பித்து அவர் பதிலில் அண்ணனாக முடிவேன். அன்றைக்கு அவர் தாளைத் திருப்பவே இல்லை. தலைகீழாகவே வைத்து, எழுத்துகளுக்கு நடுவே நான் விட்டிருந்த இடங்களை விரலால் தொட்டுக் காட்டினார். ஓரிடம் பொந்து மாதிரி இருந்தது, அடுத்தது கதவிடுக்கு மாதிரி. நேராக இருந்தபோது இரண்டும் என் கண்ணில் பட்டதே இல்லை. அரைகுறை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "நேரா வச்சா படிச்சிடுவீங்க, ஆன். படிச்சிட்டா அப்புறம் பாக்க மாட்டீங்க."

நெருக்கம்

எனக்கு ஜோடியாகப் போட்டிருந்த மாணவியின் பெயர் லின். என்னை 'சூ' என்று கூப்பிடுவாள். நம்முடைய சித்தப்பாதான். ஒரு காப்பிக் கடை நிகழ்ச்சிக்கு நாங்கள் சேர்ந்து போஸ்டர் செய்தோம். வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளியே இல்லாமல் அடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஐரோப்பியப் போஸ்டர்கள் நிறைய பார்த்திருந்தேன். அவற்றில் அப்படித்தான் இருந்தது. "சூ, கொஞ்சம் இடம் விடலாமே" என்று லின் இரண்டு மூன்று தடவை கேட்டாள். நெருக்கமாக இருந்தால்தான் நவீனமாக இருக்கும் என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன். அவள் சரி என்றுவிட்டாள். சித்தப்பாக்களிடம் அதற்குமேல் பேசுகிற வழக்கம் இல்லை.

வியட்நாமிய எழுத்து பார்க்க ஆங்கிலம் மாதிரி இருக்கும். ஆனால் தலைக்கு மேலே தொப்பியும் கொக்கியும், காலுக்குக் கீழே புள்ளியுமாக வரும். அச்சாகி வந்த போஸ்டரில் மேல் வரியின் புள்ளிகள் கீழ் வரியின் தொப்பிகளில் விழுந்து, பசைத்தாளில் ஈ ஒட்டின மாதிரி இருந்தது. காப்பிக் கடைக்காரர் அதைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டினார். லின் என்னைக் குறை சொல்லவில்லை. என் மொழியில் ஏதாவது எழுதிக் காட்டச் சொன்னாள். என் பெயரையும் ஊரையும் இரண்டு வரியாக எழுதினேன். மேலே சுழித்துக்கொண்டு போவதையும், கீழே இழுத்துக்கொண்டு போவதையும், தலையில் வைத்த புள்ளியையும் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டாள்: "இதுலயும் மேலயும் கீழயும் இவ்வளவு இருக்கே, சூ! சின்ன வயசுலேர்ந்து இதையா படிச்சீங்க?"

கழித்தல் குறி

அடிப்படைப் பருவத்தில் இருக்கிறவனை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. மருந்து அட்டை, மின்சார பில், பிரார்த்தனைக் கூட்டத்து நோட்டீஸ் என்று எதைப் பார்த்தாலும் திருத்தத் தோன்றும். ஜெசிந்தா தன் வகுப்புக்குத் தயாரித்திருந்த கணக்குத் தேர்வுத் தாளைப் பார்த்தேன். தடித்த ஃபாண்ட், கறுகறுவென்று கறுப்பு, எல்லாம் இடித்துக்கொண்டு நின்றன. "கொடு, நான் மாத்தித் தர்றேன்" என்று வாங்கினேன். அவளுக்கு என்மேல் அப்போது கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. நூல் மாதிரி மெல்லிய ஃபாண்ட் ஒன்றை எடுத்து, கறுப்பைச் சாம்பலாக்கி, நான்கு பக்கமும் தாராளமாக ஓரம் விட்டேன். தேர்வுத் தாள் மாதிரியே தெரியவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அதுதான் நடந்தது.

பள்ளி ஜெராக்ஸ் மெஷின் மெல்லிய சாம்பல் கோடுகளைப் பொருட்படுத்தவில்லை. தாளில் இருந்த கழித்தல் குறிகள் எல்லாம் மறைந்துவிட்டன. எக்ஸுக்கும் ஒய்க்கும் நடுவே ஒன்றும் இல்லாவிட்டால் பெருக்கல் என்று அவள் முந்தின வாரம்தான் பாடம் நடத்தியிருந்தாள். பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடியே பெருக்கிவைத்தார்கள். எண்கள் வந்த இடத்தில் சிலர் கோடிட்ட இடம் என்று நினைத்துத் தங்களுக்குப் பிடித்த குறியைப் போட்டிருந்தார்கள். தேர்வை மறுபடியும் நடத்த வேண்டிவந்தது; பெற்றோருக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டிவந்தது. ஜெசிந்தா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், தட்டில் சோறு போட்டாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். "ஏங்க, மெஷின் பழசாயிட்டுதுன்னு சொல்லிட்டேன். நீங்க ஸ்கூல் பக்கம் வந்தா யாருகிட்டயும் ஃபாண்ட் பத்திப் பேச்செடுக்காதீங்க."

பொங்கல் பேனர்

தாவோ தியெனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கூடத்தில் நம்மவர்கள் பொங்கல் வைப்பார்கள். ஏற்பாடெல்லாம் முத்தையா அண்ணன். காரைக்குடிக்காரர், முந்திரி ஏற்றுமதி செய்கிறவர். "தம்பி டிசைன் படிக்கிறீகளாமே, இந்தத் தடவை பேனர் ஒங்க பொறுப்பு" என்றார். வழக்கமான பேனர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: பானை, கரும்பு, சூரியன், மாடு, மாட்டுக்கு மேலே ஆதரவாளர்களின் முகங்கள். நான் அதையெல்லாம் ஒழித்தேன். பெரிய வெள்ளைத் துணி. இடப்பக்கம் கீழ்மூலையில் சின்னதாக 'பொங்கல்'. மற்றதெல்லாம் வெற்றிடம். வெற்றிடம்தான் பேசும் என்று எங்கள் வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

காலையில் கூடத்துக்குப் போனபோது பேனருக்கு முன்னால் கூட்டமாக நின்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. ஜெசிந்தாவைக்கூட முழங்கையால் இடித்துக் காட்டினேன். கிட்டே போனேன். நடு வெள்ளையில், தடித்த சிவப்பு மார்க்கரில், 'சாப்பாடு மாடியில்' என்று எழுதி, படிக்கட்டுப் பக்கம் ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. அதற்குக் கீழே வேறொருவர் கையெழுத்தில் 'இலை போட்டாச்சு'. முத்தையா அண்ணன் மார்க்கரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே என் தோளில் கைபோட்டார். அவர் முகத்தில் கேலி துளிகூட இல்லை. "எம்புட்டு எடம் சும்மா கெடந்துச்சுல்ல தம்பி, சரியா ஒதவுச்சு."

யீ ஹாய்

பருவத்தின் கடைசியில் எனக்கு வந்தது ஒரு சோற்றுக் கடை. கான் ஹொய் பகுதியில், பழைய துறைமுகத்துக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நொய்யரிசிச் சோறும் கரியில் சுட்ட பன்றி இறைச்சியும் போடுவார்கள். நடத்துகிறவரை எல்லோரும் 'யீ ஹாய்' என்பார்கள். யீ என்றால் சின்னம்மா. ஹாய் என்பது வீட்டின் மூத்த பிள்ளைக்கு இங்கே வைக்கிற பெயர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடைப்பலகை வெயிலில் வெளுத்துப்போய், சந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பக்கத்து நூடுல்ஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். இதுவரை பட்ட எல்லாவற்றையும் இந்த ஒரு பலகையில் சரிசெய்துவிட வேண்டும் என்று நான் முடிவுசெய்திருந்தேன்.

இந்த முறை படித்ததையெல்லாம் கடைப்பிடித்தேன். எழுத்துகளைத் தலைகீழாக வைத்துச் சரிபார்த்தேன். தொப்பிகளுக்கும் புள்ளிகளுக்கும் இடம் விட்டேன். மெல்லிய ஃபாண்டைத் தொடவில்லை. கடையின் ஆள் அவர்தான், ஆகவே பலகையிலும் அவர்தான் இருக்க வேண்டும் என்று போனில் படம் எடுத்தேன். அவர் இடுக்கியும் கையுமாகப் புகைக்குள் நின்று சிரித்தார். சிரிக்க வேண்டாம், நேராகப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அடுப்பையும் புகையையும் வெட்டி எடுத்துவிட்டு, பின்னணியை வெள்ளையாக்கி, முகத்தைக் கறுப்பு வெள்ளையில் நட்ட நடுவே வைத்தேன். சுற்றிலும் ஒரு மெல்லிய கறுப்புக் கட்டம். அடியில் பெயர் மட்டும்.

முடிவைச் சொல்லும் நாளில் கடைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். யீ ஹாய் மதிய வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, மோட்டார் பைக்கில் பாலத்தைத் தாண்டி வந்திருந்தார். பூப்போட்ட நல்ல சட்டை, முகத்தில் பவுடர். நான் என் தாளைச் சுவரில் மாட்டி, மேலே போட்டிருந்த துணியை எடுத்தேன். லின் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ பெஞ்சை நகர்த்தினார்கள். டீச்சர் ட்ராங் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஊரில் எந்த வீட்டுக்குள் போனாலும் சாமி மேடையில், பழத்தட்டுக்கும் ஊதுபத்திக்கும் பின்னால், இப்படித்தான் ஒரு முகம் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் ஊரில் இல்லையா? காரைக்கால் பேருந்து நிலையச் சுவரில் வாரம் ஒரு முகம் ஒட்டுவார்களே, கறுப்புக் கட்டம் போட்டு, அடியில் பெயர் போட்டு! அதைப் பார்த்தபடி பஸ்ஸுக்கு நின்று வளர்ந்தவன் நான். உயிரோடு சோறு போடுகிற ஒரு பெண்ணை, அவர் கண் முன்னாலேயே, செத்துப்போனவராக மாட்டிவைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டபடி, மறுபடியும் மூடிவிடத் துணியைத் தேடினேன். யீ ஹாய் மட்டும் கிட்டே போய், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். காதோரத்து முடியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொன்றையும் லின் மொழிபெயர்க்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "மூஞ்சி நல்லா வந்திருக்கு. என் தங்கச்சிங்க எல்லாம் செத்தப்புறம் சாமி மேடையில வைக்கிற படத்தை இப்பவே எடுத்து வச்சிட்டாளுக, நான்தான் இன்னும் எடுக்காம இருந்தேன். இதை நான் வச்சுக்கறேன். கடைக்கு வேற போட்டுக்குடு. அதுல நான் உயிரோட இருக்கணும், என்ன?"

வகுப்பு இப்போதுதான் சிரித்தது. யாரும் குனியவில்லை. டீச்சர் ட்ராங் சிரிக்காமல் என் தாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஓரங்கள், இடைவெளிகள், அளவுகள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை போலும். அது அவருக்கே சங்கடமாக இருந்தது. "சாமி மேடைக்கு எல்லாமே சரியா இருக்கு, ஆன். அதனாலதான் உங்களைப் பாஸ் போட முடியல" என்றார். அப்படியாக, அடிப்படையை இரண்டு தடவை படித்தவன் என்பதால், அந்தப் பள்ளியிலேயே மிக உறுதியான அஸ்திவாரம் என்னுடையதுதான்.

தேறிய மற்றவர்களின் பெயர்களை டீச்சர் படிக்கத் தொடங்கியபோது, யீ ஹாய் தாளைச் சுவரிலிருந்து கழற்றி, முகம் உள்பக்கமாக வரும்படி சுருட்டினார். மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பேண்டுகளில் ஒன்றை உருவிச் சுருளுக்கு மாட்டி, அதைத் தன் ஹெல்மெட்டுக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.