பேர் ஒட்டிய குப்பி

அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஆறு மணிக்கே தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு, மாடி மாடியாக ஏறி, வெறும் வயிற்றோடு கொட்டாவி விட்டபடி காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து லேபில் சேர்ப்பது அவள் வேலை. அதில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் சோதனைகள். பாலிசி கொடுப்பதற்கு முன்னால் கம்பெனிக்காரன் ஆளை உள்ளும் புறமும் பார்த்துவிட வேண்டும் அல்லவா? வாசற்படி ஏறிப் பார்த்துவிட்டு வருகிறவள் இவள்.

பதினாறு வருடத்தில் மனிதர்கள் போடும் நாடகமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாத்திரை டப்பாவை சோபா மெத்தைக்கடியில் தள்ளிவிட்டு, "எனக்குத் தலைவலிகூட வந்ததில்லைங்க" என்றவர் உண்டு. தனக்குப் பதிலாகத் தம்பியை உட்கார வைத்த ஒரு மகானும் உண்டு. அந்தத் தம்பியை ஊசியக்கா எழுப்பி விட்டுவிட்டாள். "உங்க அண்ணனை வரச் சொல்லுங்க. அவருக்குத்தானே பாலிசி, உங்களுக்கா?" என்று கேட்டதில் அவன் செருப்பைக்கூட மாட்டாமல் கம்பி நீட்டிவிட்டான்.

அவளிடம் ஒரு பிடிவாதமான பழக்கம் இருந்தது. குப்பியில் முதலில் பெயர்ச் சீட்டை ஒட்டுவாள். அதை அந்த ஆளிடமே நீட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்வாள். படித்த பிறகுதான் ஊசி. லேபில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. நேரம் வீண் என்று மேலாளர் முணுமுணுத்தார். "ரத்தமெல்லாம் ஒரே சிவப்பு சார். பேரை விட்டா அதுக்கு வேற அடையாளம் ஏது?" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடி உயரத்தில் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிற ஆள்தான், ஆனால் ஊசியைக் கண்டால் போதும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஆறு வருடமாக அவருக்குச் சர்க்கரை. வேலை பார்த்த கம்பெனி இருந்தவரை இன்சூரன்ஸ் அதன் பொறுப்பு. யாரும் எதுவும் கேட்கவில்லை. கம்பெனியை இழுத்து மூடிய அன்றைக்கு அந்தக் குடையும் போயிற்று. அதன் பிறகு தனியாக வேலை எடுத்துச் செய்து வந்தார். போன வருடம் காலில் பட்ட ஒரு சின்னக் கீறல் ஆற இரண்டு மாதமாயிற்று. அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும், விரல் மிஞ்சுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து ஊசியக்கா தினமும் அவர் பாதத்தைத் தூக்கி விரலிடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

தனியார் பாலிசிக்கான விண்ணப்பத்தோடு முகவர் வீட்டுக்கு வந்தார். முன்பே ஏதாவது நோய் உண்டா என்ற கேள்விக்கு, லிஃப்ட்காரர் சர்க்கரை, ஆறு வருடம், இன்ன மாத்திரை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்.

"எழுதினது சரிதாண்ணே. ஆனா அந்த மூணு மாசச் சக்கரை அளவு எட்டைத் தாண்டினா தள்ளிடுவாங்க," என்றார் முகவர். போன சோதனையில் எட்டரை. "அக்காதானே ரத்தம் எடுக்கப் போறாங்க. கொஞ்சம் நல்ல ரத்தமாப் பார்த்து எடுக்கச் சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். லிஃப்ட்காரரும் சிரித்தார். ஊசியக்கா சிரிக்கவில்லை.

சொந்தக்காரருக்கு ரத்தம் எடுக்கக் கூடாது என்பது லேபின் விதி. அவர் யார் என்று சொல்லாமல், அந்தத் தெரு தன் பாதையில்தான் வருகிறது என்று மட்டும் சொல்லி, சோதனைக்கான உத்தரவை அவளே வாங்கிக்கொண்டாள். காலையில் கணவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். பெயர் இல்லாத குப்பிகளில் அவர் ரத்தத்தை எடுத்தாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துத் தன் இடது கையில் கட்டி, அவர் பெயர் ஒட்டிய குப்பிகளைத் தன் ரத்தத்தால் நிரப்பினாள். அவருடையது கழிவுப் பெட்டிக்குப் போயிற்று. ஊரையெல்லாம் நாடகக்காரர்கள் என்றவள் கடைசியில் தானும் வேஷம் கட்டினாள். தனக்கு ஒரு குறையும் இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்புத் தடம் பதிகிறதா, அது படி ஏறுவதால். உடம்பு சோர்கிறதா, அது வயதால். பதினாறு வருடத்தில் தன் ரத்தத்தை அவள் ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை.

ஒரு வாரம் கழித்து முகவர் வந்தார். உட்காரவில்லை.

"சக்கரை அருமையா இருக்குண்ணே. ஆனா கிட்னி..." மென்று விழுங்கினார். "ரெண்டும் பாதிக்கு மேல கெட்டுப்போச்சுன்னு வந்திருக்கு. பாலிசி தர மாட்டாங்களாம். உடனே டாக்டரைப் பாருங்க."

லிஃப்ட்காரர் காகிதத்தை வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த எண்கள் யாருடையவை என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான்கு நாள் அவள் வாய் திறக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மறைத்தாள் என்று சொன்னால் அது பாவம். எதை முதலில் சொல்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. நான் ஏமாற்றினேன் என்பதையா, எனக்கு நோய் என்பதையா? ஒன்றைச் சொன்னால் இன்னொன்று தானாக வந்து விழும்.

அந்த நான்கு நாளும் அவர் டாக்டரிடம் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றார். உப்பை விட்டார். உயரமான வேலைகளை வேறு ஆளுக்குக் கொடுத்தார். ஐந்தாம் நாள் காலை அவள் எழுந்து வந்தபோது, அவர் மின்பெட்டி முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்றிருந்தார். அவளுடைய பெயர்ச் சீட்டுகளையே எடுத்து, 'மோட்டார்', 'சமையலறை விளக்கு', 'இதைத் தொடாதே' என்று எழுதி ஒவ்வொரு சுவிட்சின் கீழும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஃபியூஸ் போனா உனக்கு எது எதுன்னு தெரியாதே. நான் இல்லாதப்ப இருட்டுல தடவிக்கிட்டு நிக்கக் கூடாது பாரு," என்றார். அவள் அழுதுவிடக் கூடாதே என்று சாதாரணமாகச் சொல்வதாக நினைப்பு அவருக்கு.

சீட்டைத் தடவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, ஒண்ணு கேக்கவா? எல்லாரையும் பேர் படிக்கச் சொல்லுவியே, அன்னிக்கு என்னைச் சொல்லலையே. ஒருவேளை பேர் மாறியிருக்குமோ?"

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"பேர் மாறலைங்க. ரத்தம்தான் மாறிச்சு. அந்தக் குப்பியில உங்க ரத்தம் இல்ல. நான்தான் மாத்தி வெச்சேன்."

அவர் முகம் மலர்ந்தது. நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த மனிதர் அந்த முக்காலி மேல் திரும்பி வந்து நின்றார். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியா? அட கடவுளே, நான் பயந்தே..." என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் பார்வை அவளுடைய இடது கை மடிப்பில் மஞ்சள் பூத்திருந்த ஊசித் தடத்துக்குப் போயிற்று.

முக்காலியிலிருந்து இறங்கினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சிரிச்சுட்டேனே," என்றார். "தெரியாம சிரிச்சுட்டேனேம்மா." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றே லேபுக்குப் போய் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை, ஐஸ் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். பழைய சோதனை செல்லாது என்று லேப் கம்பெனிக்கு எழுத, லிஃப்ட்காரருக்கு வேறொருவர் வந்து ரத்தம் எடுத்தார். ஏழரைதான் இருந்தது. சர்க்கரைக்கு மட்டும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பாலிசி கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே அவர் ரத்தத்தை அப்படியே அனுப்பியிருந்தால் போதும்.

அவளுக்கும் ஒரு விண்ணப்பம் வந்தது. நோய் உண்டா என்ற இடத்தில் முகவர் விரலை வைத்தார். "அக்கா, அந்த ரிப்போர்ட் உங்க பேர்ல இல்லையே. இல்லைன்னு போட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே தம்பி," என்றாள் அவள். உண்டு என்று எழுதினாள். ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் இல்லை என்றே எழுதியிருப்பாள், அதுவும் பொய்யாக இருந்திருக்காது. கம்பெனியிலிருந்து பதில் வந்தது: சிறுநீரகம் தவிர மற்ற எல்லா நோய்க்கும் காப்பீடு தருவோம். திருடன் வரும் வாசலை விட்டுவிட்டு வீட்டின் மற்ற வாசல்களுக்கெல்லாம் காவல் போடுகிற தாராளம்!

இப்போது மாதத்துக்கு ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் அவள் உட்காருகிறாள். முதல் நாள், ஒரு சின்னப் பெண் குப்பியோடு வந்து ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"முதல்ல பேரை ஒட்டும்மா," என்றாள் ஊசியக்கா.

ஒட்டினதை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து, தன் பெயரை வாய்விட்டுப் படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர் அன்று சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. ஊசி இறங்கியதிலிருந்து குப்பி நிறையும்வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.