பாறைக்குட்டையின் பவளக்காலிகள்

அஜீஸுன்னிசா அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் பறவை பார்க்க வந்தவர் இல்லை. டாக்டருக்குப் பயந்து நடக்க வந்தவர். கறுப்பு புர்காவும் வெள்ளை ஷூவுமாக, யாரோ துரத்துகிறாற்போல் பாறைக்குட்டைக் கரையில் விறுவிறுவென்று போவார், வருவார். சர்க்கரை ஏறிவிட்டது, நடந்தால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டார்களாம். குளத்தின் பக்கம் தலை திரும்பாது.

பனியன் கம்பெனிகளின் பின்சுவர்கள் முடிகிற இடத்தில் தொடங்குகிறது அந்தக் குளம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் நாலைந்து பேர் அங்கே பைனாகுலரோடு நிற்போம். எனக்குத் தபால் ஆபீசில் வேலை. மற்றவர்களும் அப்படித்தான், ஆளுக்கொரு வேலை. ஒருநாள் அக்கா எங்களருகே மூச்சு வாங்க நின்றார்.

"அப்படி என்னத்தைங்க பாக்கறீங்க?"

பைனாகுலரை நீட்டினேன். அவர் தயங்கி, கண்ணாடியைக் கழற்றி இடுப்புப் பையில் வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். நேர் எதிரே ஆழமில்லாத தண்ணீரில் ஒரு பவளக்காலி நின்றிருந்தது. நெடுங்கால் உள்ளான் என்று புத்தகங்களில் இருக்கும். வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, ஊசி மாதிரி அலகு. இதெல்லாம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவது கால் மட்டும்தான். அத்தனை நீளம், அத்தனை சிவப்பு.

"யா அல்லாஹ்!" என்றார் அக்கா. பைனாகுலர் திரும்பி என் கைக்கு வர வெகுநேரமாயிற்று.

அக்காவுக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த வருஷத்திலிருந்து அதே வேலைதான். டியூப் லைட்டுக்கடியில் நின்றுகொண்டு, வருகிற டீ-ஷர்ட் ஒவ்வொன்றிலும் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று தேட வேண்டும். பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எந்தத் துணியப் பாத்தாலும் முதல்ல குத்தம்தான் தெரியுது கண்ணு எனக்கு. மக நிக்காஹ்வுக்கு எடுத்த பட்டுலயும் அப்படித்தான் தேடுனேன். இந்தக் காலைப் பாத்தப்போ தேடவே தோணலை. சும்மா பாத்துட்டே நின்னேன்."

அதற்கப்புறம் அவர் எங்களில் ஒருவரானார். மகள் சாயிமா பல்லடத்திலிருந்து ஒரு பழைய பைனாகுலர் வாங்கி அனுப்பினாள். கணவர் மீரா சாகிப் கட்டிங் வேஸ்ட் வாங்கி விற்கிறவர். கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கிய துணித் துண்டுகளை நிறம் பிரித்து மூட்டை கட்டும் குடோன் வைத்திருக்கிறார். காலையில் டி.வி.எஸ்.ஸில் அக்காவைக் கரையில் இறக்கிவிடுவார், வண்டியை அணைக்க மாட்டார். "எங்க ஊட்டுல குருவி ஆபீசுக்குக் கிளம்பியாச்சுங்க, சித்ரகலாம்மா" என்று என்னிடம் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் எத்தனை தடவை கூப்பிட்டும் ஒருமுறைகூட இறங்கியதில்லை.

பங்குனி நெருங்கினால் எங்கள் குளத்தில் போக்கும் வரவுமாக இருக்கும். பனிக்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த நீலச்சிறகி வாத்துகள் ஊர் திரும்ப இரை தின்று உடம்பு ஏற்றும். அவற்றையும் தாண்டித் தெற்கே போயிருந்த தகைவிலான் குருவிகள் திரும்பும் வழியில் நம் கம்பிகளில் இளைப்பாறும். இங்கேயே குடும்பம் நடத்துகிற பறவைகள் ஜோடி சேர்ந்து இடம் பார்க்கும்.

போன வருஷம் அந்தச் சமயத்தில் நோன்பு நடந்துகொண்டிருந்தது. இருட்டிலேயே சஹர் சாப்பிட்டு, தொழுகை முடித்து, விடிந்தும் விடியாமலும் அக்கா குளத்துக்கு வந்துவிடுவார். ஒருநாள் நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"கண்ணு, ஓடி வா. கம்பியே தெரியலை."

"என்னங்க்கா? கரண்டு கம்பி அறுந்துபோச்சா?"

"அறுகலை கண்ணு. மேல பூராக் குருவி. நீ வா மொதல்ல."

போய்ப் பார்த்தேன். சாயப்பட்டறைச் சுவரிலிருந்து அக்கரை வரைக்கும் போகிற மின்கம்பிகள் அத்தனையிலும் தகைவிலான்கள், இடைவெளியே இல்லாமல். நீலம் மினுங்குகிற முதுகு, கவட்டை வால். வெயில் பட்டதும் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றின. வடக்கே பார்த்துப் போயின. ஷிப்ட்டுக்குப் போகிற ஆட்கள் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா கை இரண்டையும் ஏந்தினபடி நின்றிருந்தார். இறைவனிடம் துஆ கேட்கிறார் என்று நினைத்தேன். "இல்ல கண்ணு, கை தானா வந்துருச்சு" என்றார்.

பெருநாள் முடிந்த வாரம்தான் பவளக்காலிகள் கூடு வைத்தன. கூடு என்று சொல்வதே அதிகம். தண்ணீர் வற்றிய இடத்தில் நாக்கு மாதிரி ஒரு மண்திட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் நாலு புல், நடுவே மண் நிறத்தில் கறுப்புத் திட்டுப் போட்ட முட்டைகள் நான்கு. திட்டின் நுனியில் ஒரு கூடு, கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு ஜோடிகளின் கூடுகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடை காத்தன. அந்த நெட்டைக் கால்களை மடக்கி உட்காருவதே ஒரு காட்சி. கொஞ்சம் மடக்கும், யோசிக்கும், முட்டையை அலகால் நகர்த்தும், அப்புறம்தான் மெல்ல இறங்கும்.

பக்கத்து நூல் குடோனுக்கு வாட்ச்மேன் மூக்கையா. தேனிப் பக்கத்து ஆள். அவரிடம் அக்கா சொல்லி வைத்தார். நாய் எதுவும் திட்டுப் பக்கம் வந்தால் அவர் கம்பைத் தட்டி விரட்டிவிடுவார். "ஒங்க பிள்ளைக சவுக்கியமா இருக்காகக்கா" என்று அக்காவுக்குத் தினமும் சேதி சொல்வார்.

சித்திரையில் ஒரு ஞாயிறு மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழைதான், ஆனால் பெய்த வேகத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. கொஞ்சம் தணிந்ததும் குடையோடு குளத்துக்கு ஓடினேன். மேட்டிலிருந்து வரும் வாய்க்கால் செம்மண் நிறத்தில் குளத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். நனைந்த புர்கா உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் மடித்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மீரா சாகிப். முதல்முறையாக அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கியிருந்தார்.

"திட்டு பாதி போயிருச்சு கண்ணு" என்றார் அக்கா.

பார்த்தேன். தள்ளியிருந்த இரண்டு கூடுகளில் ஒன்று காணவில்லை. அதன் ஜோடி தண்ணீருக்கு மேலே கிக் கிக் என்று கத்திக்கொண்டு வட்டமிட்டது. இன்னொரு கூட்டைத் தண்ணீர் என் கண் முன்னாலேயே மூடியது. நுனிக்கூட்டில் மட்டும் பெண்பறவை உட்கார்ந்திருந்தது. தண்ணீருக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரற்கடை இருந்தால் அதிகம்.

குடோனிலிருந்து ஓடி வந்த மூக்கையா வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் எறங்கி எடுத்தாந்துர்றேன். ஒரு பலகைல வச்சு மேட்டுல வைப்போம்."

"நானும் வர்றனுங்க" என்று அக்கா ஷூவைக் கழற்றத் தொடங்கினார்.

நான் தடுத்தேன். "வேண்டாங்க்கா. நாம போனா அது எழுந்துரும். இடம் மாறுன முட்டைக்குத் திரும்பி வருமான்னு யாருக்குங்க தெரியும்? சேறு வேற, எங்க மிதிக்கறோம்னே தெரியாது."

"அப்ப பாத்துட்டே நிக்கச் சொல்றியா? அது அப்படியே முங்கிப் போகட்டுங்கறியா?" அக்காவின் குரல் உடைந்தது. ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு அவர் கரையில் கால் வைத்தார்.

"இந்தா, நில்லு" என்றார் மீரா சாகிப். "அது என்னமோ பண்ணுது பாரு."

பெண்பறவை எழுந்து நின்றிருந்தது. பயந்து பறக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். அது பறக்கவில்லை. கழுத்தை நீட்டி, மிதந்து வந்த ஒரு கோரைத் தண்டைக் கொத்தி எடுத்தது. குனிந்து முட்டைகளின் ஓரத்தில் அதைச் செருகியது. மறுபடி ஒரு தண்டு, ஒரு வேர், ஒரு குச்சி. ஆண்பறவை தண்ணீருக்குள் நடந்து நடந்து, கிடைத்ததையெல்லாம் பொறுக்கிப் பின்பக்கமாக எறிந்தது. கூட்டிலிருந்து பெண்பறவை எட்டி எடுத்துக்கொண்டது. அலகை முட்டைக்கடியில் நுழைத்து ஒரு பக்கம் நெம்பும், அந்தச் சந்தில் புல்லைத் திணிக்கும். பிறகு மறுபக்கம். தண்ணீர் ஏற ஏறக் கூடும் ஏறியது.

மழை மறுபடி பிடித்தது. எங்கள் நாலு பேர் தலைமேலும் மீரா சாகிப் தார்ப்பாயை விரித்தார். ஒரு முனையை மூக்கையா பிடித்துக்கொண்டார். பைனாகுலர் கைமாறிக் கைமாறிப் போயிற்று. மீரா சாகிப்பின் முறை வந்தபோது அவர் அதைக் கண்ணில் வைத்த கையை இறக்கவே இல்லை.

"மஞ்சத் துணி" என்றார் திடீரென்று. "ரிப் துண்டு. காலர் வெட்டுன மிச்சம். அதையுமில்ல எடுத்து வெக்குது!"

வாய்க்காலில் அடித்துக்கொண்டு வந்த துணிக்கீற்றுகள் அவை. நான் வாங்கிப் பார்த்தேன். கோரைக்கும் வேருக்கும் நடுவே மஞ்சளாக ஒன்று, நீலமாக ஒன்று.

இருட்டும்வரை நின்றோம். கடைசியாகப் பார்த்தபோது கூடு தண்ணீருக்கு நடுவே ஒரு சின்ன மேடையாக நின்றது. அதன் உச்சியில் பறவை கால் மடக்கி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்குப் போகும்போது அக்கா, "இனி அவன் கையில" என்றார்.

விடிந்ததும் போன் வந்தது. ஆனால் பேசியது அக்கா இல்லை.

"சித்ரகலாம்மா, உக்காந்திருக்குதுங்க!" மீரா சாகிப் கத்தினார். "ரெண்டும் இருக்குதுங்க. கூடு இத்தாச்சோட்டுப் பெருசாயிருச்சு. நான் குளத்துலதான் நிக்கறேன், சீக்கிரம் வாங்க."

மற்ற இரண்டு ஜோடிகள் சில நாள் சுற்றிவிட்டுக் குளத்தைவிட்டுப் போய்விட்டன. அக்கா அந்த இடத்தைப் பார்க்கிறபோதெல்லாம் முகம் வாடுவார். இத்தனையும் தெரிந்த பறவைகள்தானே அவையும், ஏன் இதற்கு மட்டும் வாய்த்தது என்று என்னிடம் கேட்டார். திட்டின் நுனியில் கொஞ்சம் மேடாக இருந்திருக்கலாம் என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியவில்லை.

வைகாசி தொடக்கத்தில் குஞ்சு பொரித்தது. நான்கில் மூன்று. அன்று அக்கா கம்பெனிக்கு அரைநாள் லீவு சொன்னார். மீரா சாகிப் குடோனைப் பூட்டிவிட்டு வந்தார். மூக்கையா இரவு டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. தண்ணீர் பழையபடி வடிந்து, கூட்டைச் சுற்றிச் சேறு தெரிந்தது.

ஈரம் காய்ந்த முதல் குஞ்சு தாயின் இறகுக்கடியிலிருந்து தலை நீட்டியது. ஒரு பஞ்சு உருண்டை, அதற்குக் கீழே பொருத்தமே இல்லாமல் நீளமாக இரண்டு கால்கள். எழுந்தது, விழுந்தது, எழுந்தது. மேடையிலிருந்து சரிந்து சேற்றில் இறங்கியது. பிறந்து அரைநாள் ஆகியிருக்காது. நேரே தண்ணீர் விளிம்புக்கு நடந்துபோய் எதையோ ஒன்றைக் கொத்தித் தின்றது.

"யாருங்க இதுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார் மீரா சாகிப். மிக மெதுவாக, பள்ளிவாசலுக்குள் பேசுகிற குரலில்.

அக்கா பைனாகுலரை அவர் பக்கம் நீட்டினார். இரண்டாவது குஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.