சர்க்காரைப் பாயில் அமர்த்திய வழக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எழுபதுகளின் இறுதியில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, புதூர்நாட்டுக்கு அப்பால் எங்கள் மலையூரின் ஓராசிரியர் பள்ளியும் நின்றது. வாத்தியார் ஊரைவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கு எதிரே பாறைமேல் அமர்ந்திருந்தார். மூன்றாம் வகுப்பு மாணவியாகிய நான் சிலேட்டில் ஒரு கணக்கைப் போட்டு நீட்டினேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது பெரும் அவமானமாயிற்று.

பத்தாம் நாள் கல்வி அதிகாரி ஒருவர், ஜீப் நின்ற இடத்திலிருந்து நடந்தே ஏறி வந்தார். வாத்தியார் பணிக்கு வரவில்லை என்று அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில் ஊர்த்தலைவரின் கைரேகை விழுந்தால் வாத்தியாரின் வேலை போய்விடும். ஊர்த்தலைவர் என் அப்பா.

எங்கள் ஊரில் வழக்கென்றால் இரு தரப்பும் ஒரே பாயில் அமர வேண்டும். சர்க்கார் தரப்பு தானாகவே வந்துவிட்டதென்று மகிழ்ந்த பெரியவர்கள், அதிகாரியை வாத்தியாரின் பக்கத்திலேயே அமர்த்தினார்கள். தாம் விசாரிக்க வந்தவர் என்று அவர் விளக்கியதை எவரும் பொருட்படுத்தவில்லை.

அரசு ஊழியர் வேலையை நிறுத்துவது சட்டப்படி குற்றம் என்றார் அதிகாரி. கேட்டுக் கேட்டுப் பார்த்த பின்புதான் நிறுத்தினோம் என்றார் வாத்தியார்.

அப்பா அதிகாரியைப் பார்த்து, "இவரு பத்து நாளு பாடம் நடத்தல, தப்புன்றீங்க. சரிங்க. இவருக்கு முன்னாடி மூணு வருசம் வாத்தியாரே அனுப்பாம இருந்தீங்களே, அது இன்னா சட்டங்க?" என்று கேட்டார்.



"அப்ப மொதல்ல ஸ்ட்ரைக்கு பண்ணது நீங்கதானுங்களா?" என்றாள் அத்தை. கூட்டம் சிரித்தது; சற்றுப் பொறுத்து அதிகாரியும் சிரித்துவிட்டார். வாத்தியார் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

போராட்டம் முடிந்ததும் விட்டுப்போன பாடங்களை வாத்தியார் ஞாயிறுகளில் நடத்த வேண்டும். சர்க்கார் அவரை இவ்வூரிலிருந்து எடுக்கலாகாது. இதுவே தீர்ப்பு. தீர்ந்த வழக்குக்கு ரேகை எதற்கென்று அப்பா கையை மடக்கிக்கொண்டார். வழக்கப்படி இரு தரப்பும் ஒரே வட்டிலில் சாமைச் சோறு உண்டார்கள். அதிகாரி இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கினார். பின்பு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஞாயிறும் பள்ளியா என்று நான் அழுதேன். தண்டனை எனக்குத்தான் என்றே எண்ணினேன். ரேகையில்லாத தாளோடு திரும்பியவர், கீழே தம் மேலதிகாரியின் முன் என்ன பதில் சொல்லி நின்றிருப்பார் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

இந்த நினைவைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.