பச்சை மையில் ‘பிறகு’

என் மேசை லாச்சியில் ஒரு பழைய லீவுப் படிவம் கிடக்கிறது. ஓரத்தில் பச்சை மையில் ‘பிறகு பாப்பம்’ என்று எழுதியிருக்கிறது.

தொண்ணூற்று மூன்றில், யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் தட்டெழுத்தாளர்களாக இரண்டு பெண்கள் இருந்தோம். மற்றவள் மனேச்சர் ஐயாவின் ஊர், புத்தூர். அவளைப் ‘பிள்ளை’ என்பார். என்னை, நான் முன்னாலே நிற்கும்போதும், யாரோ மூன்றாம் ஆளைச் சொல்வதுபோல ‘உவ’ என்பார். அவள் பிழையாக அடித்தால், “பிள்ளை என்ன செய்யிறது, ரிப்பன் பழசு.” நான் அடித்தால், “உவவுக்குக் கவனமில்லை.” ரிப்பன் ஒன்றுதான்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

ஆவணியில், வவுனியாவில் இருந்த அண்ணையிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. “அம்மாவுக்குக் கடுமை. உன்னைத்தான் கேக்கிறா. கெதியா வா.” சண்டைக் காலம். குடாநாட்டை விட்டுப் போக இயக்கத்தின் பாஸ் வேண்டும், பாஸ் எடுக்கக் கந்தோர்க் கடிதம் வேண்டும், லீவு இல்லாமல் கடிதம் இல்லை. எங்களில் ஒருவர்தான் லீவில் நிற்கலாம். எனக்குப் பிறகு கேட்டவள் அவள், நல்லூர்த் திருவிழாவுக்கு. ஐயா என் படிவத்தின் ஓரத்தில் பச்சை மையால் எழுதித் தள்ளிவிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னார்: “உவவின்ரை தாயோடை அண்ணை நிக்கிறார்தானே. பிள்ளை, நேர்த்தியை விடக்கூடாது. நீர் போயிட்டு வாரும்.”

பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பு. சீனி கண்ணில் படாத காலம். வீட்டில் மிஞ்சியிருந்த பனங்கட்டியை அவருடைய தேத்தண்ணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “நல்ல பனங்கட்டி” என்று கடித்துக்கொண்டே, லீவில் நின்று, கோயிலால் வரும் வழியில் எட்டிப் பார்த்த மற்றவளுக்கு ஒரு துண்டை நீட்டினார். அம்மா சாகக் கிடக்கிறார். நானோ அந்த மனிதனின் வாயிலிருந்து ஒருதரம் ‘பிள்ளை’ விழுமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அது விழுந்தால் கையெழுத்தும் விழும் என்று நம்பினேன். ஐயோ, என்ன விசர் எனக்கு!

அடுத்த துண்டு வந்தபோது அம்மாவை எரித்து மூன்று நாள். ஐயா அதை வாசித்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பி நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

“பிள்ளை, லீவை எடும். எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கெண்டாலும் போயிட்டு வாரும்.”

கேட்ட சொல் கிடைத்துவிட்டது. நான் அந்தக் கதிரையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

இப்போது நானும் ஒரு கந்தோரில் லீவுக்குக் கையெழுத்து வைக்கிறவள். எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். ஐயா ஒப்பமிட்ட படிவத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை. அதில் காரணம், ‘தாயார் மரணம்’. லாச்சியில் கிடப்பது முதல் படிவம். அதில் பச்சை மைக்குப் பக்கத்தில், என் கையெழுத்தில், ‘தாயார் சுகவீனம்’ என்றிருக்கிறது. அந்தக் காகிதத்தில் அம்மா இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.