அடித்த பெயரும் அறுபது மூட்டை மிளகும்

காலை 11.05. விமானம் சென்னையில் இறங்கியதும் கைப்பேசியில் முதலில் வந்தது என் கணவரின் செய்தி: "சாப்பிட்டாள். அழவில்லை." நான் கேட்காமலே அழவில்லை என்று எழுதியிருந்ததால், அழுதிருப்பாள் என்று தோன்றியது. மகளுக்குப் பத்து மாதம். பிறந்த நாளிலிருந்து அவளை விட்டு நான் ஒரு நாளும் இருந்ததில்லை. விடியுமுன் மாத்தளையில் வேன் ஏறி, நூற்று நாற்பது கிலோமீட்டர் கடந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வந்து சேரும்வரை, திரும்பிவிடலாமா என்று எத்தனை தடவை யோசித்தேன் என்று எனக்கே தெரியாது.

குடிவரவுச் சாளரத்தில் இருந்தவர் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டுத் தமிழில் கேட்டார்.

"எந்த ஊரு?"

"மாத்தளை."

"அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னால் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள் என்பதால், என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கிறது. மகளுடையதிலும் அப்படியே இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பியவள் நான்தான். வேறு மாதிரி எழுதியிருக்கலாமோ என்ற எண்ணம் அன்றிலிருந்து போகவில்லை. "அவ்வளவுதான் சார்" என்றேன். அவர் முத்திரை குத்தினார்.

நான் வந்தது மிளகுக்காக. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழும் இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். உயர்தரம்வரை படித்தவள் என்பதால் செயலாளர் வேலை என்னிடம் வந்தது. நாங்கள் அனுப்பிய அறுபது மூட்டை மிளகு எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

இரு நாடுகளுக்கும் இடையே வரியில்லா வர்த்தக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஓர் அளவுவரை இலங்கை மிளகு வரியில்லாமல் இந்தியாவுக்குள் போகலாம். ஆனால் அது இலங்கை மண்ணில்தான் விளைந்தது என்று காட்ட வேண்டும். அதற்கொரு பிறப்பிடச் சான்றிதழ். எங்களிடம் அது இருந்தது. இருந்தும் சந்தேகம். சின்ன நாட்டின் வாசல் வழியாக வேறு நாட்டு மிளகு நுழைகிறது என்பது பெரிய நாட்டின் பயம். சந்தேகத்துக்குக் காரணம் நான் எடுத்த ஒரு முடிவு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நண்பகல் 12.20. விமான நிலையத்திலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோ கட்டணம் ஐம்பது ரூபாய். நகரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு வண்டி மாறாமல் போகலாம். பாதி வழி சுரங்கம். தண்டையார்பேட்டை தாண்டியதும் ரயில் மேலேறி வெளிச்சத்துக்கு வருகிறது. வலப்பக்கம் மாடி வீடுகள், துணி காயும் கம்பிகள், அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் கடல். சுங்கச்சாவடி நிலையத்துக்குப் பிறகு பெட்டியில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். விம்கோ நகரில் இறங்கியபோது என்னுடன் இறங்கியவர்கள் மூன்றே பேர்.

ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார்.

"எண்ணூரு தாண்டியா? அங்க இன்னா கீதும்மா, பொட்டி மேல பொட்டிதான் கீது. யாரப் பாக்கப் போற?"

"மிளகப் பாக்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மொளவா? அதுக்கு எங்க தெரு முக்குக் கடை போதாதா? பேச்சு ஒரு மாரி கீதே, திருச்சிப் பக்கமா?"

"இலங்கை."

"அடப்பாவமே. சிலோன்ல கீறவங்க இப்பிடியா பேசுவாங்க?"

சாலையின் ஒரு பக்கம் கடலைத் தடுக்கும் பாறைக்கற்கள். மறுபக்கம் நீளமான டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஓட்டுநர்கள் கால்களை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூங்கினார்கள். வண்டிகள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நின்றிருந்தன. ஒருவரும் பேசும் சத்தம் கேட்கவில்லை. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். வேலியோரச் செடிகளின் இலைகள் பச்சையாக இல்லை. மாவு தூவியதுபோல் இருந்தன. எங்கள் மலையில் காலையில் பனி அப்படித்தான் படியும். வெயில் வந்தால் போய்விடும். இங்கே உச்சிவெயிலிலும் போகாமல் இருந்தது.

பிற்பகல் 2.10. கிடங்கு வளாகத்தின் வாயிலில் சலீம் பாய் காத்திருந்தார். ராயபுரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். இறக்குமதி செய்தவருக்காகச் சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்ப்பவர். என் பெயருக்கு ஒருநாள் அனுமதிச் சீட்டு எடுத்து வைத்திருந்தார்.

"நீங்களா ஒண்ணும் பேசாதீங்க மேடம். ஆபிசர் கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும்."

உள்ளே ஐந்தடுக்காகக் கப்பல் சரக்குப் பெட்டிகள். அவற்றின் நடுவே சந்துகள். சூரியன் நேர் மேலே இல்லாததால் சந்துகளில் மாலைபோல் இருட்டு. கடல் எங்கோ பக்கத்தில் இருந்தது. இரைச்சல் மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. சலீம் பாய் என்னை எங்கள் மிளகு இருந்த கிடங்கின் வாசலில் விட்டுவிட்டுச் சுங்க அதிகாரியை அழைக்கப் போனார்.

கிடங்குக்கு ஜன்னல் இல்லை. உள்ளே கால் வைத்ததும் எங்கள் வீட்டு வாசனை. மழைக்குப் பிறகு லயத்தின் பின்சரிவில் எங்கள் மிளகுக் கொடிகளுக்கு நடுவே நின்றால் வருகிற அதே வாசனை. ஆனால் மூட்டைகளைப் பார்த்தபோது எனக்கு அவற்றைத் தெரியவில்லை. அடுக்கியிருந்த அறுபது சாக்குகளிலும் பச்சை எழுத்துகள் இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல், மங்கலாகத் தெரிந்தன. படிக்க முடிந்தும் படிக்க முடியாத எழுத்துகள். அது நான் எடுத்த முடிவு. புதுச் சாக்குக் கிடைக்கவில்லை. மாத்தளைச் சந்தையில் பழைய வியட்நாம் அரிசிச் சாக்குகளை வாங்கினோம். எழுத்தில்லாத சாக்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லியிருந்ததால், ஓடையில் அலசிக் காயவைத்து, உட்பக்கம் வெளியே வருமாறு திருப்பச் சொன்னேன். சுத்தமாகத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

அப்போது குழந்தை அழுதது.

ஒரு கணம்தான். வெளியே, பெட்டிகளுக்கு நடுவிலிருந்து. பால் சுரந்து என் ரவிக்கை நனைந்துவிட்டது. வாசலுக்கு ஓடினேன். அங்கே கோணி ஊசியும் சணலும் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பிரித்த மூட்டைகளைத் திரும்பத் தைப்பவர். பெயர் தேசம்மா, எண்ணூர்க் குப்பத்தில் வீடு.

"கொயந்தையா? இங்க ஏதும்மா கொயந்த. காலிப் பொட்டில ஓட்ட கீது. காத்து பூந்துச்சுன்னா அப்டித்தான் அயும்." என் மார்பைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து மூடச் சைகை காட்டினார். "எத்தினி மாசம்?"

"பத்து."

"வுட்டுட்டு வந்துட்டியா? சரி சரி, மொகத்த அப்டி வெச்சிக்காத. பொட்டில போட்டு அனுப்பாம வுட்ட இல்ல, அது போதும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று மறுபடி அழுதது.

பிற்பகல் 3.00. அதிகாரி என் வயதுக்காரர். மரியாதையாகப் பேசினார். அதனால் எனக்குப் பயம் கூடியது.

"சாக்க ஏன் மேடம் உள்வெளியா திருப்பியிருக்கீங்க?"

"எழுத்து இருந்துச்சு சார். பழைய சாக்கு."

"எதையாவது மறைக்கிறவங்கதான் திருப்புவாங்க." இடவலம் மாறிய எழுத்துகளின் மேல் பேனாவை வைத்து வலமிருந்து இடமாகப் படித்தார். "இது எந்த ஊருன்னு எழுதியிருக்கு பாத்தீங்களா?"

வியட்நாம் என்று இருந்தது. எங்கள் ஊர்க் கடையில் வெங்காயம், மிளகாய், பருப்பு, மகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து எல்லாம் இந்தியாவிலிருந்துதான் வருகின்றன. அவற்றின் பிறப்பை நான் விசாரித்ததில்லை.

"இங்கிருந்து ஆறு மூட்டை. முழுசா கொட்டணும்." பேனாவால் அங்கொன்று இங்கொன்றாகக் காட்டினார். எங்கள் மண்ணில் விளைந்தது என்று அவருக்குத் தெளிவாகாவிட்டால் அறுபதும் திரும்பிப் போகும். சங்கத்தின் பெயரில் இனி ஒரு மூட்டையும் வராது. சலீம் பாய் வழியிலேயே சொல்லியிருந்தார்.

தார்ப்பாயில் முதல் மூட்டையைக் கவிழ்த்தார்கள். மிளகு மழைபோல் விழுந்து ஓய்ந்ததும், சாக்கின் அடிமூலையில் ஏதோ தொங்கியது. உள்ளிருந்து தைத்த ஒரு சேலைத் துண்டு. அதில் பேனாவால் 187.

"இது என்ன?"

மிளகைத் தவிர ஒரு தூசியும் உள்ளே இருக்கக்கூடாது என்று மூன்று கூட்டங்களில் சொல்லியிருந்தேன். அவர்கள் தலையாட்டினார்கள். பிறகு தங்கள் வழக்கப்படியே செய்திருக்கிறார்கள்.

எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் கூலியைப் 'பேர்' என்போம். பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. கொழுந்துச் சாக்கில் அடையாளம் இல்லாவிட்டால் பேர் வேறொருத்திக்கு விழுந்துவிடும். அதனால் பெண்கள் எல்லாச் சாக்கிலும் தோட்டம் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கும் தங்கள் தோட்ட எண்ணைத் தைத்துவிடுவார்கள். இதை அதிகாரியிடம் சொன்னேன். கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டேன். சலீம் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி சான்றிதழ்க் கோப்பிலிருந்து எங்கள் உறுப்பினர் பட்டியலை எடுத்தார். பெயருக்கு எதிரே தோட்ட எண் இருந்தது. 187, சரோஜா. இரண்டாவது மூட்டையில் 203. பட்டியலில் இருந்தது. 191, 176, 198. ஒவ்வொன்றையும் அவர் டிக் செய்தார். அவர் தோள் தளர்வதைப் பார்த்தேன்.

ஆறாவது மூட்டையில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துண்டு. 214.

பட்டியலில் அந்த வரியை அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டு அடித்தவள் நான். லெட்சுமி. மிளகு முற்றுவதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனவர்.

"இது அடிச்சிருக்கே. யாரு?"

சலீம் பாய் என் காதருகில் வந்தார். "துண்டு மாறிப் போச்சுன்னு சொல்லிடுங்க மேடம். ஒரு மூட்டைதானே."

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு மூட்டை மாறியிருக்கலாம் என்றால் எல்லாமே மாறியிருக்கலாம். அதைவிட, அந்தக் கட்டம்போட்ட சேலையை எனக்குத் தெரியும். என் வளைகாப்புக்கு அவர் அதைத்தான் கட்டியிருந்தார்.

"இறந்துட்டாங்க சார்."

"செத்தவங்க எப்பிடி மேடம் மொளகு பறிச்சாங்க?"

"கொடி அவங்க நட்டது. மக பறிச்சிருப்பா."

"கொடி இப்பவும் இருக்கா?"

"இருக்கு சார்."

நான் கோடு போட்ட வரியையே அதிகாரி பார்த்துக்கொண்டு நின்றார். காற்று வெளியே அழுதது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் கோடுகளின் பக்கத்தில் டிக் போட்டார்.

"எங்க விளைஞ்சதுன்னுதான் கேக்கறாங்க. விளைவிச்சவங்க உயிரோட இருக்கணும்னு ஒப்பந்தத்துல எங்கேயும் இல்ல."

மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். மூட்டைகளைத் தைக்கும்போது தேசம்மா 214 எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இத இன்னா பண்ண?" நான் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தேன். "சரி, அவங்களும் போவட்டும்" என்று உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்.

மறுநாள் காலை 10.00. திருவொற்றியூரில் விடுதி அறையைக் காலி செய்துவிட்டு மெட்ரோ ஏறினேன். மார்பில் பால் கட்டி வலித்தது. ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும்வரை கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இங்கே பெட்டிகள் ஊர் விட்டு ஊர் போகின்றன. எதில் யாருடைய கை இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரிவதில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு கூடை கொழுந்தைத் தூக்கிப் பார்த்தே இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்கள். நானும் அப்படிச் சொல்வேன் என்று நம்பித்தான் என்னை அனுப்பினார்கள்.

ஒன்பதாம் நாள், மூட்டைகள் விடுவிக்கப்பட்டதாகச் சலீம் பாய் செய்தி அனுப்பினார். சங்கக் கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் ஒன்றையேதான் கேட்டார்கள்: எங்க பேர் விழுந்துச்சா? விழுந்தது என்றேன். லெட்சுமியின் மகள் கடைசி வரிசையில் இருந்தாள். "ஒங்கம்மாவுக்கும் விழுந்துச்சு. முழுப் பேர்" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நாங்க மூட்டையே போடலையேக்கா. நீங்க பேர அடிச்சிட்டீங்கன்னு அம்மாவோட கொடியில நாங்க கையே வைக்கல. அது அப்பிடியேதான் நிக்குது."

கூட்டம் முடிந்ததும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளோடு லயத்தின் பின்சரிவுக்குப் போனேன். கொடி நின்றது. அதில் ஒரு சரம்கூட இல்லை. காம்புகள் மட்டும், நகத்தால் கிள்ளியதுபோல் சீராக.

"பறவை தின்னிருக்கும்" என்றாள் அவள். இருக்கலாம். வேறு யாராவது பறித்து, இரக்கப்பட்டு அந்தத் துண்டைத் தைத்திருக்கலாம். அதிகாரியிடம் நான் சொன்னது பொய்யா என்று இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அடுத்த பருவத்துக்கான பட்டியலைப் போன வாரம் எழுதினேன். இருபத்திரண்டு பெயர்கள். 214-ஐ அடிக்காமல் விட்டிருக்கிறேன்.