ஃபிதென்சியோ பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

"கல்யாணப் பத்திரிகையில அடங்காத குடும்பம் இந்தப் பூமியில இன்னும் பொறக்கல" என்று தோன் நபோர் ஒருமுறை முடிதிருத்தும் கடையில், முகம் நிறைய சோப்பு நுரையோடு பிரகடனம் செய்தார். கையில் கத்தி வைத்திருந்தவரே மறுத்துப் பேசவில்லை.

'தோன்' என்பது எங்கள் ஊர் 'ஐயா'. சந்தைக்குப் பின்னால் அவருக்கு ஓர் அச்சகம். அச்சடிப்பது இயந்திரம், வாசகம் அவருடையது. சிறையிலிருந்த ஒரு மாப்பிள்ளையின் தகப்பனை 'அரசாங்க அலுவல் காரணமாக வர இயலாதவர்' ஆக்கினார். வேறொருத்தியோடு ஓடிப்போனவன் 'தொலைவிலிருந்து ஆசி வழங்குபவர்' ஆனான். ஜென்மப் பகையாளிகளான இரண்டு சித்தப்பாக்களின் பெயர்களை வட்டமாக அச்சிட்டு, யார் முதலில் என்ற கேள்வியையே ஒழித்தார். செத்தவர்களால் மட்டும் அவருக்குத் தொல்லை இல்லை. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அதுதான் எங்கள் மெக்சிகோ வழக்கம். செத்தவன் எவனும் திருத்தம் கேட்டு வந்ததில்லை.

அப்படியிருக்கையில் ஹசிந்தா வந்தாள். அவள் புருஷன் ஃபிதென்சியோ அவகாடோ லோடு ஏற்றிக்கொண்டு லாரியோடு போனவர். லாரியும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. நெடுஞ்சாலையில் ஆள் கடத்தும் கும்பலின் வேலை என்று ஊர் பேசிக்கொண்டது. புகாரை வாங்குமுன் அதிகாரி, "வேற பொம்பள யாராவது உண்டாம்மா?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். அரசாங்க விசாரணை அந்த ஒரு கேள்வியோடு நிறைவுற்றது.

இப்போது மகள் யெசெனியாவுக்குக் கல்யாணம், வீட்டு முற்றத்திலேயே. திருமணப் பதிவு நீதிபதி வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வார். மண்டபம் வேண்டாம் என்றுவிட்டாள் ஹசிந்தா. "அவர் வர்ற அன்னிக்கு வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது."

வாசகம் எழுத மகளும் வருங்காலச் சம்பந்தி ஓஃபெலியாவும் கூடவே வந்திருந்தார்கள்.

"பேசாம சிலுவையப் போட்டுடுங்க, தோன் நபோர்" என்றாள் ஓஃபெலியா. "போடலேன்னா ஆளு எங்கேம்பாங்க. ஓடிட்டான்னு ஒருத்தன் சொல்வான், அந்தக் கும்பல்ல சேந்துட்டான்னு இன்னொருத்தன் சொல்வான். செத்தவருக்கு மரியாதையாவது உண்டு. சிலுவை இல்லாத அழைப்பு அட்டைய என் சொந்தக்காரங்க கையில குடுக்க மாட்டேன். குடுக்கலேன்னா கல்யாணமும் இல்ல."

"கொண்டுபோனவங்களே அவரக் கொன்னுட்டோம்னு இன்னும் சொல்லல, சம்பந்தி" என்றாள் ஹசிந்தா. "அத என் கையால நான் செய்யணுமா?"

நபோர் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்: 'தற்சமயம் வீட்டில் இல்லாத ஃபிதென்சியோ.'

"முடிவெட்டிக்கப் போனவர் மாதிரி இருக்கே" என்றாள் ஹசிந்தா.

'எங்கிருந்தாலும் வாழ்த்தும்' என்று மாற்றினார்.

"தோன், இது அந்த ஓடிப்போனவனுக்குத் தச்ச சட்டையில்ல? எங்க வீட்டு ஆளுக்கு மாட்டிவிடப் பாக்கறீங்க" என்றாள் ஹசிந்தா.

தகப்பன் பெயரையே விட்டுவிடலாமா என்று இழுத்தார். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த யெசெனியா நிமிர்ந்தாள். "அப்ப நான் யாருக்குப் பொறந்தேன்னு ஊரே தீர்மானிக்கட்டும், இல்ல?"

இன்னும் ஏழெட்டு வாசகங்கள் பிறந்து, பிறந்த இடத்திலேயே அழிந்தன. பென்சிலின் ரப்பர் தேய்ந்து, தகரம் காகிதத்தைக் கிழித்தது. நபோர் அதைக் கசக்கினார்.

"அட்டை வேணாம், தோஞா ஹசிந்தா" என்றார். "நானே வீடு வீடா போய்ச் சொல்லிட்டு வர்றேன். உங்க ஆளுங்களுக்கும் சேத்துத்தான், ஓஃபெலியாம்மா."

அட்டையே இல்லாதபோது சிலுவையை எங்கே போடச் சொல்வது? ஓஃபெலியா ஆன மட்டும் யோசித்தாள், இடம் கிடைக்கவில்லை, முனகிக்கொண்டே சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தேய்த்த சட்டையும் தொப்பியுமாக நபோர் கிளம்பினார். முதல் வீடு, சோளரொட்டி சுட்டு விற்கும் மத்தில்தேயுடையது.

"ஹசிந்தா வீட்டுல கல்யாணம். வர்ற சனிக்கிழமை, பதினோரு மணிக்கு. அவசியம் வந்துடணும்."

"அட, யெசெனியாவுக்கா! நல்லா இருக்கட்டும்." மத்தில்தே மாவுக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்ப... ஃபிதென்சியோ?"

நபோர் வாயைத் திறந்தார். தொப்பியைக் கழற்றினார். உடனே மறுபடி வைத்துக்கொண்டார்.

"பதினோரு மணிக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தார்.